வேட்டைக் கருவியும் வேடர் பெருமான் அன்பும்

உடம்பும் அகக்கருவிகளும் உலகமும் நுகர்பொருளும் ஆகிய நான்கினையும் உயிர்களுக்கு இறைவன் உதவியருளியது, அவ்வுயிர்கள் மலத்தினின்று நீங்கித் தன் திருவடியை அடைதற்பொருட்டே என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. தனு கரண புவன போகம் எனப்படும் இந்நான்கும் தம்மளவில் நல்லனவும் அல்ல, தீயனவும் அல்ல. விளக்கைக் கொண்டு நூல் ஓதுவானும் உளன். அவ்விளக்கையே கொண்டு பிறர் மனைக்குத் தீயிடுவானும் உளன். விளக்கின்மேற் குற்றம் ஏற்றுவார் இலர். இறைவன் தந்த கருவிகளுக்குச் சொல்லப்பட்ட இம்முறை, மனிதன் தன் கையாற் செய்துகொண்ட கருவிகளுக்கும் ஒக்குமோ? ஒக்குமெனின், உயிரைக் கொல்லுதற்கென்றே செய்யப்பட்ட கருவிக்கும் ஒக்குமோ? வேட்டைத் துப்பாக்கியை வீட்டில் வைத்துப் பேணுதலையும், துடைத்துச் செப்பஞ் செய்தலையும், குறிவைத்துச் சுட்டுப் பழகுதலையும் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவன் நிலை யாது? இவ்வினா சைவ நன்மக்களால் ஆராயத்தக்கது.

திண்டுக்கல் நகர் இவ்வாராய்ச்சிக்கு மிக இயைந்ததோர் இடம். அந்நகரின் அடையாளமாய் ஓங்கி நிற்கும் பெரும்பாறைக்குப் பதுமகிரி என்பது பெயர். அந்நகரத்து அபிராமியம்மை திருக்கோயிலில் இறைவன் பதுமகிரீசுவரர் எனவும் காளத்தீசுவரர் எனவும் இரு சந்நிதிகளில் எழுந்தருளியிருக்கின்றான். காளத்தி என்னும் பெயர் செவியிற் பட்ட அளவில் கண்ணப்ப நாயனாரை நினையாத சைவர் இலர். அந்நகரைச் சார்ந்ததே பேகம்பூர். ஐதர் அலியின் தங்கையாராகிய அமீருன்னிசா பேகத்தின் அடக்கம் அங்குள்ளது. ஊர்ப்பெயரும் அவ்வம்மையாரால் வந்ததே. ஐதர் அலி 1755-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் சார்பாகத் திண்டுக்கல்லுக்குத் தலைவராக வந்து, பிரெஞ்சுக் கைவினைஞரைத் துணைக்கொண்டு பீரங்கிப் படையும் படைக்கலச் சாலையும் அங்கே அமைத்தார் என்பது வரலாறு. வேடர் பெருமான் வழிபட்ட மூர்த்தியின் திருப்பெயரும், வெடிமருந்தின் நினைவும் ஒரு நகரிலேயே அமைந்தன.

இரும்பு வேலை அந்நகர் மக்களுக்கு இன்றும் கைவந்ததொன்று. திண்டுக்கற் பூட்டு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டின் உள்ளுறுப்புக்களை அரத்தால் தேய்த்து ஒன்றோடொன்று பொருத்தும் கைத்திறமும், துப்பாக்கியின் விசையைத் தேய்த்துப் பொருத்தும் கைத்திறமும் ஓரினத்தனவே. முன்னையது காத்தற்குப் பயன்படும். பின்னையது கொல்லுதற்குப் பயன்படும். இரும்பும் அரமும் கைத்திறமும் பொதுவாயிருப்ப, வேறுபாடு யாண்டு நின்று தோன்றுகின்றது என்பதே ஆராயற்பாலது.

பேகம்பூரிற் சைவர் ஒருவர் வாழ்வதாக வைத்துக்கொள்க. பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் ரைபிள் ஒன்றும் முறைப்படி உரிமத்தோடு அவர்பால் வந்தன. பாட்டனார் சிறுமலையிலும் பழனிமலையிலும் வேட்டையாடியவர். பேரரோ ஓருயிரையும் சுட்டறியார். ஆயினும் விடுமுறை நாடோறும் பாயை விரித்து, துணியும் எண்ணெயும் துடைகோலும் எடுத்து வைத்து, குழலைத் துடைத்து, குறிமுள்ளைச் சரிபார்த்து, கட்டைக்கு மெருகிட்டு, அவ்வேலையிலே பொழுது போவது அறியாது அமர்ந்திருப்பார். சுடுதற்குரிய கழகத்திற்குச் சென்று தாளில் எழுதிய வட்டத்தைச் சுட்டுப் பழகுவார். மாலையில் காளத்தீசுவரர் சந்நிதிக்குத் தவறாது செல்வார். அவரை ஒருவர் வினவின், ‘தாளையன்றி எதனைத் துளைத்தேன்? கண்ணப்ப நாயனாரும் வேடரே அல்லரோ?’ என்று விடை கூறுவார். இவ்விடை எளிதில் தள்ளத்தக்கதும் அன்று. எளிதில் ஏற்கத்தக்கதும் அன்று.

முதற்கண் அரசியற் சட்டம் கூறுவதனை நோக்குவோர்க்கு வரம்பு தெளிவாகப் புலப்படும். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். அதற்கெனத் தனியுரிமம் பெறாதார் துப்பாக்கியைச் செய்தலும், உருமாற்றுதலும், பழுது பார்த்தலும், குழலைக் குறுக்குதலும் குற்றமே. துடைத்துப் பேணுதல் வரையிலேதான் உடையவன் கை செல்லலாம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் விளையாட்டு வேட்டையை அடியோடு விலக்கிவிட்டது. எனவே, பாட்டனார்க்குப் பெருமையாயிருந்தது பேரர்க்குச் சிறைக்கு வாயிலாகும். சட்டம் கையைத் தடுக்கும். உள்ளத்தின் நாட்டத்தைத் தடுத்தல் அதற்கு இயலாது. அந்நாட்டத்தை ஆராய்வது சித்தாந்த நூலின் தொழில்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது மெய்கண்ட நூல்களின் துணிபு. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுதல் போல, உயிர் தான் அழுந்தி நின்ற பொருளின் தன்மையைத் தன்தன்மையாகக் கொள்ளும். ஆகலின், ‘யான் எவ்வுயிரையும் கொன்றிலேன்’ என்பது முழு விடை ஆகாது. ‘யான் எதனைச் சார்ந்திருக்கின்றேன், அதன்கண் எந்நிறத்தை ஏற்கின்றேன்’ என்று வினவிக்கொள்ளுதலே சைவனுக்கு உரியது.

துப்பாக்கி தன்னைச் சார்ந்த உயிர்க்குத் தரும் நிறம் இரண்டாகும். அவற்றுள் ஒன்று ஒருமைப்பாடு. ரைபிளின் குழலுட்புறத்தே சுருளாக வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவ்வரிகளைப் பற்றிச் சுழன்று வெளிப்படும். சுழலும் பம்பரம் சாயாது நிற்றல்போலச் சுழலும் குண்டும் தலை சாயாது நேரே செல்லும். இந்நுட்பத்தை உணர்ந்து வியத்தல் குற்றமன்று. அறிவு அறிவைக் கண்டு மகிழ்தல் இயல்பே. சுடுவோன் மூச்சை அடக்கி, உடம்பை அசையாது நிறுத்தி, கண்ணையும் குறிமுள்ளையும் இலக்கையும் ஒரு கோட்டில் நிறுவுதல் வேண்டும். சினமுற்றவன் கை நடுங்கும். செருக்குற்றவன் குறி தவறும். அத்துணையளவில் இப்பயிற்சி மனத்தை அடக்குதற்கு ஒரு துணையே ஆம்.

மற்றொரு நிறம் இதனோடு உடன் வருவது. அது தொலைவிலிருந்தே தன் விருப்பத்தை முடிக்கும் வன்மை. ஒரு விரலின் சிற்றசைவால், நெடுந்தொலைவில் மேய்ந்துகொண்டிருக்கும் ஓருயிரின் வாழ்நாள் முடிகின்றது. அதன் மூச்சைக் கேட்டல் இல்லை. அதன் கண்ணைக் காண்டல் இல்லை. வாளெடுத்தவன் மாற்றுயிரின் வெம்மையை உணர்வன். துப்பாக்கி எடுத்தவன் அதனை உணரான். இரக்கம் பிறத்தற்குரிய அணிமையை அக்கருவி அறுத்துவிடுகின்றது. அறுத்த இடத்தில் ‘யானே வல்லேன்’ என்னும் எண்ணம் முளைக்கின்றது. ஆணவமலத்திற்கு இதனினும் இனிய உணவு வேறில்லை. தாளைச் சுடுவோன் உள்ளத்திலும், அத்தாளின் வட்டம் ஒரு மானின் நெஞ்சாக எண்ணப்படின், செயல் நிகழாவிடினும் சார்பு நிகழ்ந்துவிட்டதென்க. ஒரே பாயில் அமர்ந்து ஒரே கருவியைத் துடைக்கும் இருவருள் ஒருவன் ஒருமையைச் சார்தலும் மற்றொருவன் கொலையைச் சார்தலும் இவ்வாறு நிகழும்.

இனி, கண்ணப்ப நாயனாரைத் துணைக்கழைத்தல் பொருந்துமா என்பது ஆராயப்படும். சேக்கிழார் பெருமான் பொத்தப்பி நாட்டு உடுப்பூர் வேடர்களின் வேட்டையை விரித்துரைக்கின்றார். அவ்விடத்தே அவ்வேடர்க்குரிய ஒழுக்கம் ஒன்றையும் மறவாது கூறியுள்ளார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடர்ந்திலர். சிறு குட்டிகளைக் கொன்றிலர். கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைகளை வருத்திலர். எதிர்த்து வரும் கொடிய விலங்குகள்மேலேயே அவர் அம்புகள் சென்றன. வேட்டையே வாழ்க்கையாகப் பிறந்தவர்க்கும் இத்துணை வரம்பு இருந்தது. மேலும், திண்ணனாரைக் காளத்தி மலைச் சாரலுக்கு ஈர்த்துச் சென்றது ஒரு பன்றி. அதனை அவர் அணுகி உடைவாளாற் கொன்றார். நாணனும் காடனும் பசித்திருந்தமையின் அஃது உணவாயிற்று. பொழுது போக்குதற்காக அவர் ஓருயிரையும் கொன்றார் என்று புராணம் கூறவில்லை.

காளத்தியப்பரைக் கண்ட பின்னர் அவ்வேட்டையின் பொருளே மாறியது. இரவு முழுதும் வில்லேந்தி நின்று காத்தது இறைவன் பொருட்டு. விடியலில் வேட்டைக்குச் சென்றதும் இறைவன் பொருட்டு. சுவைத்துப் பார்த்தது தாம் உண்ணுதற்கன்று, நல்லதனைத் தெரிந்து இறைவனுக்கு ஊட்டுதற்கே. ‘யான் எனது’ என்பது முற்றும் அற்ற அந்நிலையில் வினை உயிரைப் பற்றுதல் இல்லை என்பது சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரத்தால் உணரப்படும்.

ஆறாம் நாளின் நிகழ்ச்சியை ஊன்றி நோக்குவார்க்கு வேட்டைக் கருவியின் உண்மை நன்கு விளங்கும். இறைவன் திருக்கண்ணிற் குருதி பெருகக் கண்ட அளவில், திண்ணனார் கையிலிருந்த வில்லும் ஊனும் சிந்தி வீழ்ந்தன. பின்னர் அவர் மீண்டும் வில்லெடுத்து, இத்தீங்கு செய்தார் யார் என்று காடெங்கும் தேடினார். சுடுதற்குரிய பகைவன் ஒருவனும் அகப்பட்டிலன். அடுத்து, வேடர் அறிந்த மருந்துப் பச்சிலைகளைக் கொணர்ந்து பிழிந்தார், குருதி நின்றிலது. இறுதியிலே, தம் அம்பினாலே தம் கண்ணை அகழ்ந்து அப்பினார். பிறவுயிர்களை நோக்கியே சென்றுகொண்டிருந்த அம்பு அன்று தம்மை நோக்கித் திரும்பியது. அவர் கண்ணப்பர் ஆயினது அத்திருப்பத்தினாலேயாம், வில்வன்மையினால் அன்று. வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொள்வோன் தன் துப்பாக்கி தன்னை நோக்கித் திரும்புவதனை ஒருநாளும் எண்ணான். கண்ணப்பரைச் சான்று காட்டுவோன் ஆறாம் நாளையும் சேர்த்துக் காட்டுதல் வேண்டும். முதல் நாளை மட்டும் எடுத்துக்கொண்டு இறுதி நாளை விடுதல் நேர்மை ஆகாது.

ஈண்டு ஒரு தடை நிகழும். அரனடிக்கு அன்பு செய்வார் செய்த தீமையும் நன்மையாகும் என்று சிவஞான சித்தியார் கூறியிருத்தலின், சிவனன்பர் ஒருவர் வேட்டையாடினால் வரும் இழுக்கு யாது என்பது அத்தடை. அதற்கு விடை அந்நூலிலேயே உளது. தந்தையின் தாளைத் தடிந்த சண்டேசுரர் செயலை நன்மையென்று காட்டிய அந்நூல், அதனருகிலேயே தக்கன் செய்த வேள்வியைத் தீமையென்று காட்டுகின்றது. சண்டேசுரர் தந்தையை வெட்டும் இன்பத்தை நாடி, அதற்குப் பின்னர்ச் சிவபூசையைக் காரணமாகக் கற்பித்தவர் அல்லர். பூசையிலே முற்றும் அழுந்தியிருந்தார், இடையூறு நேர்ந்தது, கை எழுந்தது. அன்பு முற்பட்டது, செயல் பின் வந்தது. தன் இன்பம் முற்பட்டு, சிவன் பெயர் பின் வந்து ஒட்டப்படுமாயின், அது சண்டேசுரர் வழி அன்று. இறைவனை விலக்கி வேள்வி செய்த தக்கன் வழியேயாம்.

இறைவனே வேடனாய் வந்து அருச்சுனனுக்கு அருளினான் அன்றோ எனின், அப்பன்றி தவத்தோனைக் கொல்ல வந்த அசுரன். இறைவன் அம்பு அடியவனைக் காத்த அருள். அவன் திருக்கரங்களுள் ஒன்றில் மழுவும் மற்றொன்றில் மானும் விளங்குதலைச் சிற்பிகள் இடையறாது வடித்து வருகின்றனர். படைக்கலத்தின் பக்கத்திலேயே மான் துள்ளி நிற்கின்றது, அஞ்சி ஓடவில்லை. படைக்கலம் ஏந்தத் தகுதியுடையான் யார் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

சைவ நூல்களேயன்றி, வேட்டையில் வாழ்நாளைக் கழித்தவர் வரலாறும் இதனை வலியுறுத்துகின்றது. டக்ளஸ் ஹாமில்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிற் பழனிமலையின் மேற்பரப்பை ஆராய்ந்தவர். கொடைக்கானலுக்கு அப்பாற் பேரிசம் ஏரியை அடுத்த இடம் அவர் பெயரால் வழங்குகின்றது. அவருடைய வேட்டைக் குறிப்புக்கள் 1892-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. மலைகளைக் கண்ணாரக் கண்டு ஓவியமாக எழுதியதும் அவர் கையே. அம்மலைகளில் வாழ்ந்த உயிர்களைச் சுட்டதும் அவர் கையே. நீலகிரியில் வேட்டையாடியவர்களே, விலங்குகள் அருகி வருதலைக் கண்டு 1877-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தனர். 1879-ஆம் ஆண்டில் அம்மலைக்கென ஒரு சட்டமும் பிறந்து, வேட்டை கூடாத பருவத்தை வரையறுக்க வழி செய்தது. உடுப்பூர் வேடர் ஏட்டிலெழுதாது கைக்கொண்ட வரம்பைப் பிற்காலத்தார் சட்டத்தால் வகுத்துக்கொள்ள நேர்ந்தது. அன்று துப்பாக்கிக்கு இலக்காகிய நீலகிரி வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்காகப் போற்றப்படுகின்றது.

வடநாட்டில் வாழ்ந்த ஜிம் கார்பெட் 1907-ஆம் ஆண்டிற் சம்பாவத்து என்னும் ஊர்ப்பக்கத்தே மக்களைக் கொன்று தின்ற பெண்புலியைச் சுட்டு, அம்மக்களின் அச்சத்தைப் போக்கியவர். அவர் நாளடைவில் விளையாட்டு வேட்டையை விடுத்து, புலிகளைப் படமெடுக்கும் கருவியைக் கையிற் கொண்டார். ஒளிந்து காத்திருக்கும் பொறுமையும், காற்றின் போக்கறிதலும், அடிச்சுவடு காணும் கூர்மையும் அவரிடத்து மாறவில்லை. கருவி மாறியது, சார்பு மாறியது. 1955-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் 1957-ஆம் ஆண்டில் அவர் பெயர் பெற்றது ஒரு வனவுயிர்க் காப்பகமே.

இவ்வளவும் கூறியும், பேகம்பூர் அன்பர்க்கு உண்மையான சோதனை கழகத்திலும் வருவதில்லை, பாயிலும் வருவதில்லை. அது நள்ளிரவில் வாயிற்கதவைத் தட்டி வரும். மலையடிவாரத்து உழவர் ஒருவர் வந்து, ‘ஐயா, காட்டுப்பன்றி கடலைக் கொல்லையை உழுது போட்டுவிட்டது, கடன் வாங்கிப் போட்ட விதை. உங்களிடம் துப்பாக்கி இருக்கிறது. குறியும் தவறாது’ என்று கண்ணீர் விடுவாராயின், அவர் செய்யத்தக்கது யாது? உழவர் துன்பம் பொய்யன்று. அதனை எளிதாக எண்ணுதல் அருளும் அன்று. தமிழ்நாட்டரசு 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதற்கொரு முறை வகுத்தது. காப்புக் காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுதல் வேண்டும். மூன்றுக்கு அப்பால் வருவதனை வனத்துறையினரே சுடலாம் என்பது அம்முறை. தனியார் ஒருவர் தம் துப்பாக்கியால் அதனை முடித்தற்கு அதில் இடமில்லை.

அந்நள்ளிரவில் அவருள்ளத்தே இரண்டு குரல்கள் எழும். ஒன்று, உழவர்பால் இரக்கம். மற்றொன்று, இத்துணை ஆண்டு தேய்த்துத் துடைத்துப் பழகிய கருவியை ஒருமுறையேனும் உயிர்மேற் செலுத்திப் பார்க்கும் அவா. பின்னைய குரல் முன்னையதன் உடையை உடுத்து வருதல் கூடும். இரக்கமே மெய்யாயின், அவ்விரவிலேயே விளக்கெடுத்துக்கொண்டு உழவரோடு கொல்லைக்குச் சென்று, ஒலியெழுப்பிப் பன்றியை ஓட்டித் துணைநிற்றலும், விடிந்தபின் வனத்துறைக்கு அவரை அழைத்துச் சென்று விண்ணப்பம் எழுதித் தருதலும், வேலியிடப் பொருளுதவுதலும் செய்ய மனம் இசையும். துப்பாக்கியின்றிச் செல்ல மனம் இசையாதாயின், எழுந்தது இரக்கமன்று, அவாவே என்று அவர் தம்மைத் தாமே அறிந்துகொள்ளலாம். அவ்வறிவு கைப்பதே, ஆயினும் அக்கைப்பிலேதான் மருந்து உளது. திண்ணனாரும் வில்லெடுத்துப் பகைவனைத் தேடிக் காணாமையின் அன்றோ பச்சிலைக்குத் திரும்பினார்!

கொல்லாமையைத் திருவள்ளுவரும் தனியதிகாரமாக வைத்தார். திருமூலரும் முதற்றந்திரத்தே வைத்தார். அவ்வறம் கையை மடக்கி வைப்பதோடு முடிவதன்று. உள்ளத்தே கொலையின்மேற் செல்லும் சுவை அறுதலே அதன் நிறைவு. ஆகலின், கருவியை உடனே எறிந்துவிடுக என்று ஈண்டு விதிக்கப்படவில்லை. எறிந்தவன் உள்ளத்தில் அச்சுவை நிற்றலும், வைத்திருப்பவன் உள்ளத்தில் அச்சுவை அறுதலும் கூடும். தாளைச் சுடும்போது தாளாகவே காண்க. துடைக்கும்போது இரும்பின் நேர்த்தியையே காண்க. விலங்கின் உருவம் இடையே தோன்றுமாயின் அப்பொழுதே கருவியைக் கீழே வைத்து எழுக. அத்தோற்றம் நாடோறும் தோன்றி விலகாதாயின், உரிமத்தோடு கருவியையும் முறைப்படி அரசினரிடம் ஒப்படைத்து விடுதலே நன்று. அதனால் வரும் இழப்பு, கண்ணை இழத்தலினும் பெரிதன்று. அரமும் கைத்திறமும் வீணாகா. பூட்டுச் செய்யும் ஊரில் அக்கைக்கு வேலை எப்பொழுதும் உளது.

அதன்பின் மாலையிற் காளத்தீசுவரர் சந்நிதிக்குச் செல்லும்பொழுது, அவ்வன்பர் கண்ணப்ப நாயனாரைத் தம் வழக்கிற்குச் சான்றாக அழையார். தம் குற்றத்தைக் களையும் துணையாக வேண்டி நிற்பார். அந்நிலை அவர்க்கும், படைக்கலமும் வன்மையும் கைவரப்பெற்ற எல்லார்க்கும் வாய்க்குமாறு, மழுவும் மானும் ஏந்திய பெருமான் திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்